நாலு நொடி கழித்து வந்த பதில்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் கடை அண்ணனைக் கேட்டுப் பாருங்கள். எதற்கும் அசராத மனுஷர். இப்போது இது நடந்த தெரு வழியாக வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார்.

நான் அவர் கடையில் கணினி பழுது பார்ப்பவன். பஸ்ஸில் போகும்போது, பனி பெய்யும் தேசத்து நாவல்களை மொழிபெயர்ப்பில் படிப்பேன். பயம் என்பது அதுவரை எனக்குப் புத்தகத்துக்குள் இருக்கும் விஷயம்.

அன்று போனது ஒரு கட்டட வரைபட அலுவலகம். கணவர் இறந்தபின் மேடம் தனியாக நடத்துகிறார். மேசையில் எங்கள் கடையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கணினி. உள்ளறையில் பேக்கப் பெட்டி. தினமும் மாலை ஏழு மணிக்கு அது நெட்வொர்க் வழியாகக் கணினியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வரைபடங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். கணினி மாற்றிய நாளிலிருந்து ஒரு நகல்கூட உருப்படியாக வரவில்லை. போதாக்குறைக்கு மேசைக் கணினியின் டிஸ்க் 'டிக்... டிக்...' என்று முனகியது.

"இந்த மாசம் வரைஞ்சது மொத்தமும் இதுக்குள்ளதான் தம்பி. போச்சுன்னா ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான்."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். புதிதாக வைக்கும் கணினிக்குப் பழையதன் பெயரையே சூட்டிவிடுவோம். பேக்கப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது; நமக்கு வேலை மிச்சம். அண்ணன் இங்கும் அப்படித்தான் செய்திருந்தார். அந்தப் பெயர், மேடத்தின் கணவர் பெயர்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நெட்வொர்க் சுவிட்ச்லேர்ந்து மேசைக் கணினியோட கேபிளைப் பிடுங்கிட்டுக் கூப்பிட்டுப் பாருடா. அப்பவும் பதில் வந்தா, அதே பேர்ல இன்னொண்ணு எங்கேயோ ஓடுதுன்னு அர்த்தம்."

கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் அந்தச் சிறு பெட்டியிலிருந்து பிடுங்கினேன். கேபிள் என் கையில். பேக்கப் பெட்டியிலிருந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு.

பதில் வந்தது.

"நாலு நொடியா? நிலாவுலேர்ந்து வந்தாக்கூட அவ்வளவு ஆகாதுடா!" அண்ணன் சிரித்தார்.

நான் சுவிட்சைப் பார்த்தேன். கேபிள் பிடுங்கிய வெற்றுத் துளை. அதன் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. துளையிலிருந்து ஒரு சொட்டு...

தண்ணீர்.

"மேடம், பழைய கணினி எங்கே?"

"அவரோடயே போயிடுச்சு."

கேபிளைச் செருகினேன். பெயர் மோதல்தான் கோளாறு, மேசைக் கணினிக்கு வேறு பெயர் வேண்டும் என்றேன்.

"என் பேரையே வைங்க."

வைத்தேன். அந்தப் பெயரில் கூப்பிட்டதும் கண் இமைக்குமுன் பதில். ஏழு மணிக்கு நகல் முழுதாக வந்து சேர்ந்தது. மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டார். பேக்கப் பெட்டியின் பட்டியலிலிருந்து பழைய பெயரை அழிக்கப் போனேன். என் கையைப் பிடித்தார்.

"அதை எடுக்காதீங்க தம்பி. கூப்பிட்டா பதில் வருதில்ல... இருக்கட்டும்."

அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

மறுநாள் போன் செய்தார். "இன்னைக்கு மூணு நொடியில வந்துது." குரலில் சந்தோஷம். அதற்கடுத்த நாள், "ரெண்டு."

அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பழைய கணினி கார் பின் சீட்டுல இருந்துதுடா. மேடத்தோட கணவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. கார் அணைக்குள்ள பாய்ஞ்சுடுச்சு. ஆழம் ஜாஸ்தி... காரையும் எடுக்கலை. அவரையும் எடுக்கலை."

என் போன் அடித்தது. மணி ஏழு.

"தம்பி... இப்போ கூப்பிட்டதுமே பதில் வருது."

போனில், அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டும் சத்தம்.

"மேடம், திறக்காதீங்க!"

"இருங்க தம்பி. திறந்துட்டு வந்துடறேன்."

களக்... களக்... தண்ணீர் தளும்பும் சத்தம்.

லைன் கட் ஆகவில்லை. அவர் திரும்பி வரவும் இல்லை.

நானும் அண்ணனும் ஓடினோம். கதவு திறந்து கிடந்தது. தரை காய்ந்திருந்தது. மேடம் இல்லை. மேசை மேல் கணினியும் இல்லை.

பேக்கப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கணவர் பெயரைக் கூப்பிட்டேன். நாலு நொடி. பதில்.

பிறகு... மேடத்தின் பெயர்.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

நான்கு.