முனியாண்டியிடம் வைத்த ஸ்கேன்

என் கணவரின் நெஞ்சிலுள்ள பெரிய இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து ஒரு வருடமாகியிருந்தது. பதுளை கிளினிக்கில் டாக்டர், "இரத்தச் சோதனையில கிழிசலக் காட்டுற அளவு கூடியிருக்கு. குழாய் விரியுதான்னு இன்னைக்கு எடுத்த ஸ்கேன போன வருச ஸ்கேனோட ஒப்பிடணும். எங்கம்மா அது?" என்று கேட்டார்.

நோய் தீர வேண்டி அதை முனியாண்டி கோயிலில் வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. "தொலைஞ்சு போச்சுங்க" என்றேன்.

"அப்ப ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துத்தான் பாக்கணும். அதுக்குள்ள வெடிக்காம இருக்கணும்."

ஊர் திரும்பும் நமுனுகுல பஸ்ஸில் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். "முனியாண்டிக்கு ஸ்கேன் பாக்கத் தெரியுமா புள்ள?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே கோயிலுக்குப் போய், சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுத்தேன். மறுநாள் டாக்டர் அதிலிருந்த மஞ்சளைத் துடைத்துவிட்டு அளந்தார். "நல்லா விரிஞ்சிருக்கு. இந்த வாரமே ஆபரேசன்."

அவர் பிழைத்துவிட்டார். சாமி என்னை மன்னித்திருக்கும். டாக்டரிடம் சொன்ன அந்தப் பொய்யை நான்தான் இன்னும் மன்னிக்கவில்லை.