சந்தனம் வைத்த ராம்

விஜயதசமி காலையில் எங்கள் டிசைன் ஆபீசில் இருந்தவர்கள் முதலாளி, அவர் மனைவியின் தம்பி, என்னோடு வேலை செய்யும் மூன்று டிசைனர்கள், அப்புறம் நான். இல்லாதவர் என் அப்பா. அதே முதலாளியிடம் கீழே விசைத்தறி ஓட்டுகிறவர்தான். படியேறினால் ஆபீஸ். ஆனாலும் ஒரு வருடமாக அவர் அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்க வந்திருந்தார். பெட்ஷீட் டிசைன்கள் தாமதமாவதாக முதலாளி சலித்துக்கொண்ட நேரம். பக்கத்தில் நின்ற முதலாளியின் மச்சினர் குமாரபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். எங்கள் நான்கு மெஷினும் அவர் விற்றவை. பழி அவர் பக்கம் திரும்புமுன் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க மாமா. தறி ஓட்டற ஊட்டுப் பையன், கை அந்த ஓட்டந்தான் ஓடும்." அப்பா பக்கம் திரும்பினார். "ஏப்பா, நாஞ் சொல்றது சரிதான?"

அப்பா துண்டில் பொரியை ஏந்தியபடி, "சரிதானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சினரின் பேச்சைக்கூட விட்டுவிடலாம். அந்த 'சரிதானுங்க'தான் எனக்குச் செரிக்கவில்லை.

தை மாதம் உண்மை தெரிந்தது. கம்ப்யூட்டரின் நினைவகத்தை ராம் என்பார்கள்; என் மெஷினில் அதன் வேகம் 2133 என்று காட்டியது. மூடியைக் கழற்றி ராமில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன், 3200. எங்கள் மெஷின்களில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. துணியைக் கட்டிலில் விரித்த மாதிரி படமாகக் காட்டும் வேலையும் ராமின் தலையில்தான் விழும். அது மெதுவானால் நாங்களும் மெதுதான்.

அப்போதும் நான் நேர்மையாகத்தான் போனேன். அவர் கடைக்கே போய், "அண்ணா, ராம் 2133லதான் ஓடுதுங்க" என்றேன். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

"ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குது?"

"3200ங்க."

"அப்பறம்? உங்க ஊட்டுல நீதான மொதமொதல்ல படிச்சவன்? நம்பர் படிக்கத் தெரியுமில்ல?"

திரும்பி வந்தேன். வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எந்த மெஷினிலும் பாதுகாப்புக்காக ராம் முதலில் குறைந்த வேகத்தில்தான் ஓடும். மெஷின் ஆன் ஆகும்போது டெலீட் பட்டனைத் தட்டினால் வரும் திரையில் எக்ஸ்.எம்.பி. என்று ஒரு வரி இருக்கிறது. அதை ஆன் செய்து சேமித்தால் ஸ்டிக்கரில் உள்ள வேகம் வந்துவிடும். விற்றவர் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அதை என் மெஷினில் மட்டும் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் டிசைன்கள் முன்னால் வரத் தொடங்கின. முதலாளி காரணம் கேட்டபோது மச்சினரே முந்திக்கொண்டார். "அவன் மெஷின்ல ராம் நல்லா செட்டாயிருச்சுங்க. மத்த மூணுக்கும் 3600 போட்டுப்போடலாம், பறக்கும்."

எங்கள் மதர்போர்டு 3200க்கு மேல் போகாது என்பது எனக்குத் தெரியும். ராம் விலை ஏறிக் கிடந்ததும் தெரியும். "நல்ல யோசனைங்க அண்ணா" என்றேன்.

இந்த வருட ஆயுத பூஜையன்று, மெஷினுக்கு இரண்டாக வாங்கிய ஆறு புது ராம்களையும் பெட்டியிலிருந்து எடுத்துச் சாமி படத்தின் முன் அடுக்கினார்கள். எங்கள் ஊரில் புதுத் தறிக்குப் பொட்டு வைக்காமல் நூல் ஏற்ற மாட்டார்கள். மச்சினர் ஒவ்வொரு ராமிலும் ஸ்டிக்கர் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். கிண்ணத்தைப் பிடித்திருந்தவன் நான். "இதுல கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க அண்ணா" என்று சொல்லிச் சொல்லி நன்றாக அப்ப வைத்தேன்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து மாட்டினார். முதலாளி கைகட்டி நின்றார். "என்ற மெஷின்லயும் புது ராம் போட்டதுலயும் ஒரே டிசைனை ஓட்டிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன். ஓட்டினோம். பழைய ராம் இருந்த என் மெஷினில் கட்டிலும் விரிப்பும் முழுதாக வந்து நின்றபோது, புது ராம் போட்டதில் விரிப்பு பாதிதான் வந்திருந்தது.

"என்றா இது?" என்றார் முதலாளி.

இரண்டு திரையிலும் எண்ணைக் காட்டினேன். என்னுடையது 3200. புது ராம் 2133. "மோட்டார் நல்லதுதானுங்க. புல்லி மாத்தாம உட்டுட்டாங்க. பழைய ராமும் இப்படியேதான் ஓடிட்டு இருந்துச்சு" என்றேன். மோட்டார் எதுவானாலும் தறியின் வேகத்தை முடிவு செய்வது புல்லி என்ற சக்கரம்தான். தறிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

"மாப்ளெ, நாலு மெஷினு வித்தியே, ஒண்ணுக்காச்சும் புல்லி மாத்தினியா?"

மச்சினர் மூடி திறந்திருந்த மெஷினுக்குள் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். குங்குமத்துக்கு அடியில் எண் தெரியவில்லை. "நம்பர் படிக்க வருதுங்களா அண்ணா?" என்று கேட்டேன். யாரோ ஒரு டிசைனர் களுக்கென்று சிரித்தார்.

பழைய ராம்களை மாட்டி, மூன்று மெஷினிலும் அந்த வரியை நானே ஆன் செய்தேன். புதியவற்றை மச்சினர் சேலம் டீலரிடம் திருப்ப எடுத்துப் போனார். டீலர் சில்லுகளின் இடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பூஜை போட்ட சாமானை வாபஸ் எடுக்கறதில்லைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். செலவை மாமனும் மச்சினனும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். முதலாளியும் போன வருடம் அப்பா முன்னால் சிரித்தவர்தான்.

அப்பா வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ராம், புல்லி, டீலர் எதைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "எவ்வளவு போச்சு சாமி அவங்களுக்கு?" என்றார்.

சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்கா சொல்லு."

"அம்பத்தேழாயிரத்து அறுநூறுங்கப்பா."