டிரிப் சுவிட்ச் மாட்டியவர்

எங்கள் வீட்டுப் பழைய ஃபியூஸ் பலகையை எடுத்துவிட்டு, ஷாக் அடித்தால் தானே கரண்டை நிறுத்தும் டிரிப் சுவிட்சை மாட்டியவர் அவர். ஒல்லியான எலக்ட்ரீஷியன். கரண்ட் இருக்குமோ என்று எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். நான் நீட்டிய டீ டம்ளரைக்கூட.

மழை பிடித்ததும் சுவர் ஊறி, சுவிட்ச் ஓயாமல் விழுந்து கரண்ட் நின்றது. மாவு அரைக்க முடியவில்லை. மறுபடி அவரைக் கூப்பிட்டேன். ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். தயங்கித்தான் கேட்டேன்.

"அண்ணா, மழ நிக்கிற வரைக்கும் இந்த சுவிட்ச வுட்டுட்டு கரண்ட டைரக்டா குடுத்துடுங்களேன். இந்த மலை ஊர்ல எல்லாரும் அப்படித்தான வெச்சினு கீறாங்க?"

"அவங்களுக்கெல்லாம் குடுத்தது யாரு? நான்தாம்மா" என்றார்.

ஊறிப்போன ஒயரை உருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"கீழ்த் தெருவுல துணி காயப் போடச்சொல்ல, கொடிக்கம்பியில ஷாக் அடிச்சி ஒரு அம்மா செத்துச்சே, அந்த வூட்டுக்கும் நான்தான் டைரக்டா குடுத்தேன். மழ வுட்டதும் வந்து மாத்தித் தர்றேன்னு சொன்னேன். போவல. சுவிட்சு இருந்திருந்தா வுழுந்திருக்கும். அது பொழச்சிருக்கும்."

"அவங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"விதின்னு நெனச்சினு கீறாரு."

புது ஒயர் இழுத்து, சுவிட்ச் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்த வீட்டிலும் சுவிட்சை மாட்டித் தந்தாராம். கூலியே வாங்கவில்லையாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது இறந்துபோன அந்த அம்மாவின் கணவர்தான் சொன்னார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன் கெடைப்பாராம்மா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.