எவர்சில்வர் மேசையும் மாசாணியம்மாளின் கைகளும்

மாசாணியம்மாள் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் பொறுக்கி வளர்ந்தவள். தறி ஓட்டும் ஆறுச்சாமியைக் கட்டிக்கொண்டு சோமனூருக்கு வந்தாள். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட, வீட்டில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கடைவீதியில் ஒரு சைவ ஓட்டலில் காய் நறுக்கவும் சமையல்கட்டைத் துடைக்கவும் சேர்ந்தபோது, அங்கே மெதுவாகப் பேசினாலே போதும் என்பது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கூட வேலை செய்த அம்புஜம் அவள் வயதுக்காரி. பேச்சுத்துணைக்குக் குறைவில்லை.

அந்தச் சமையல்கட்டில் பழைய கடப்பாக்கல் மேடை விரிசல் விட்டு, இடுக்கெல்லாம் கரப்பான் குடியேறியிருந்தது. முதலாளி பெரியவரிடமிருந்து ஓட்டலை ஏற்றுக்கொண்ட மகன் மனோஜ்குமார் முதல் வேலையாக அதை இடித்தான். கோவை கணபதியில் பட்டறை வைத்திருந்த ஜெரோமிடம் எவர்சில்வர் மேசை செய்யச் சொன்னான். கனத்த தகடு, கையைக் கிழிக்காதபடி மடித்த ஓரம், பாத்திரம் வைக்கக் கீழே ஒரு தட்டு, டைல்ஸ் கீறாமலிருக்கக் காலுக்கு ரப்பர். எதிலும் அவன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

மேசையை இறக்கி வைத்த ஜெரோம், தினமும் துடைக்கப்போகிறவள் இவள்தான் என்று தெரிந்ததும் அவளிடமே சொன்னான். “கம்பிநார் மட்டும் போட்டுறாதீங்கக்கா. சோப்புத் தண்ணில துணிய நனைச்சு, இந்தக் கோடு ஓடற பக்கமாவே தொடைங்க. உப்பு, புளி கொட்டினா அப்பவே கழுவிருங்க. ஈரம் நிக்க விடாதீங்க.”

அவள் அப்படியே செய்தாள். சொந்த வீட்டில் இப்படி ஒரு பொருள் இருந்ததில்லை. வேலை முடிந்ததும் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

ஆடி மாதச் சாரலில் ஒரு நாள், ஈரத்துணியோடு துடைத்துக்கொண்டிருந்தபோது விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கையை உதறினாள். எறும்பு எதுவும் இல்லை. மறுபடி வைத்தாள். மறுபடியும் ஊர்ந்தது.

“சக்கரையா இருக்குமாட்ட இருக்குது அம்மணி,” என்றாள் அம்புஜம். “எங்க நாத்தனாருக்கும் இப்பிடித்தான் வெரலு மதமதன்னு ஆரம்பிச்சுது.”

அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. நரம்புக்குச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தவறாமல் விழுங்கினாள். வீட்டில் சோறாக்கும்போது, துணி துவைக்கும்போது, கைக்கு ஒன்றுமில்லை. ஓட்டலுக்கு வந்து மேசையைத் தொட்டால் ஊர்ந்தது. சில நாள் தொட்டாலும் ஊராது. அந்த நாட்களில்தான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது. எப்போது வரும் என்று கை காத்துக்கொண்டே இருந்தது.

ஒரு காலை, மேசைமேலிருந்த கிரைண்டரில் தேங்காய் அரைபட்டுக்கொண்டிருந்தது. இடது கையால் குழாயைத் திறந்தவள், வலது கையை மேசைமேல் ஊன்றினாள். முழங்கை வரைக்கும் யாரோ உள்ளிருந்து அடித்ததுபோல் சுரீரென்றது. கை உதறியதில் மேசைமேலிருந்த கத்தி தரையில் விழுந்தது. தன் நரம்பில் கோளாறு இல்லை, மேசையில்தான் என்னவோ இருக்கிறது என்று அப்போது புரிந்தது.

சமையல் மாஸ்டர் கண்ணையாவிடம் சொன்னாள். அவர் வந்து உள்ளங்கையை அழுத்தி வைத்தார். “ஒண்ணுமில்லியேம்மா.” மனோஜ்குமாரிடம் சொன்னாள். அவனும் வந்து மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தான். “நல்ல ஸ்டீலுக்கா இது. மழைக்குச் சில்லுனு இருக்குது, அதான்.” மாஸ்டர் காலில் ரப்பர் செருப்பு, மனோஜ்குமார் காலில் ஷூ. சமையல்கட்டுக்குள் வெறுங்காலோடு நடமாடியது அந்த இரண்டு பெண்கள்தான். யாரும் அதை யோசிக்கவில்லை. மாசாணியம்மாளும் யோசிக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் தொட்ட இடத்தில் தனக்கு மட்டும் அடிக்கிறதென்றால் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் அம்புஜமும் துடைப்பதைக் குறைத்துவிட்டிருந்தாள். கேட்டால், “சும்மாதான்,” என்பாள். பேச்சு குறைந்தது. இருவரும் மேசையின் விளிம்பைத் தொடாமல், அரிவாள்மணையைத் தரையில் போட்டு உட்கார்ந்து நறுக்கப் பழகினார்கள். அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், தரையில் வைத்து நறுக்கக் கூடாது என்று மனோஜ்குமார் சொன்ன பிறகு, மறுபடி மேசைக்கே எழுந்து வந்தார்கள்.

ஐப்பசி மழையில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு, சமையல்கட்டில் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. வளைகாப்பு ஒன்றுக்குக் கலந்த சாதம் கேட்டிருந்தார்கள். கிரைண்டர் ஓடியது, புகைபோக்கி விசிறி இரைந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த மாசாணியம்மாள் திரும்பியபோது, அம்புஜம் குழாயைப் பிடித்தபடி, மேசையில் கை வைத்து அசையாமல் நின்றாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. குண்டா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் இழுக்கத்தான் கை போனது. குழாயடியில் தனக்கு விழுந்த அடி ஞாபகம் வந்து நின்றாள். தொட்டால் தானும் ஒட்டிக்கொள்வாள். வீட்டில் ஆறுச்சாமியைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள். “மாஸ்டர்! கரண்டு! கரண்டு!” அந்த ஓட்டலில் அவள் குரல் அப்படி எழும்பி யாரும் கேட்டதில்லை. கண்ணையா அடுப்பை விட்டுப் பாய்ந்து கிரைண்டர் சுவிட்சைத் தட்டினார். அம்புஜம் தண்ணீருக்குள் மடங்கி விழுந்தாள்.

உயிர் போகவில்லை. பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது கை விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

ஒயரிங் பார்க்க வந்த முகமது ரியாஸ், மேசையின் கீழ்த்தட்டுக்கு அடியில் குனிந்து கிரைண்டர் ஒயரைத் தூக்கிக் காட்டினான். கிரைண்டர் அதிர அதிர, தட்டின் ஓரத்தில் உரசி ஒயரின் தோல் கிழிந்திருந்தது. பிளக்கில் எர்த் பின் எப்போதோ உடைந்து போயிருந்தது. “கசிஞ்ச கரண்டு போறதுக்கு வழியே இல்லீங்க. மேசைக் காலுக்கும் ரப்பரு, அதனால மேசை முழுக்க நின்னிருக்குது. வெறுங்கால்ல ஈரத்துல நின்னு தொட்டவங்க வழியாத்தான் எறங்கிருக்குது. கொழாயவும் புடிச்சிருந்தா இன்னும் பலமா அடிச்சிருக்கும்,” என்றான்.

அடுத்த நாள் மனோஜ்குமார் மாசாணியம்மாள் வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமுல்லக்கா?”

“சொன்னனுங்க சின்னவரே,” என்றாள். “நீங்களும் தொட்டுப் பாத்தீங்க.”

அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, எல்லாம் சரிசெய்தாயிற்று, வேலைக்கு வர வேண்டும் என்றான். வேறு வேலை கிடைக்கிற வயதில்லை. போனாள். மேசையின் காலில் எர்த்துக்கான பச்சை ஒயர் ஒன்றை முடுக்கியிருந்தார்கள். ரப்பர் செருப்பு வாங்கித் தந்திருந்தார்கள். அன்றைக்கு அவளால் மேசையைத் தொட முடியவில்லை. புறங்கையை மட்டும் கிட்டே கொண்டுபோவாள், எடுத்துவிடுவாள். மூன்றாம் நாள்தான் துணியை வைத்தாள். ஒன்றும் ஊரவில்லை. ஆனாலும் மனம் நம்பவில்லை. இன்றுவரைக்கும் முழுசாக நம்பவில்லை.

போன வாரம் அம்புஜத்தைப் பார்க்கப் போயிருந்தாள். இடது கையால் டம்ளரைப் பிடித்து டீ குடித்துக்கொண்டே அம்புஜம் கேட்டாள்.

“அந்த மேசை இன்னும் இருக்குதா?”

“இருக்குது.”

“துருவேதும்?”

“ஒரு பொட்டில்ல. வாங்கினப்ப இருந்தாப்லயே இருக்குது.”

அம்புஜம் தலையாட்டினாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மாசாணியம்மாள்தான் எழுந்து ஓடினாள்.