நடுக் குவியல்

சென்னையில் காமர்ஸ் வகுப்பில் இரண்டு வருஷம் படித்து முடித்து ஊர் வந்தேன். எனக்கு ஏற்ற வேலை எது என்று பார்க்க ஒரு மாதம் இருந்தது. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரி ஒருவரிடம் ஒரு வாரம் உட்கார்ந்து, தறிச் சத்தத்தில் தூங்கிப்போனேன். வாலாஜாபேட்டை மிளகாய் மண்டியில் மூன்று நாள். தும்மியே ஆட்களை விரட்டினேன்.

மிச்சமிருந்தது ஆம்பூர் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் இடம். அதன் முதலாளி அப்பாவுக்குத் தெரிந்த சாயபு. சென்னையில் அவருடைய ஏற்றுமதி ஆபீசுக்குப் படித்த பையன் ஒருவன் வேண்டுமாம். கிடைத்தால் கோட்டு, துரைமாரோடு கடிதப் போக்குவரத்து, என்றைக்காவது லண்டன் கப்பல். கிடைக்காவிட்டால் வேலூர் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. அப்பா அங்கே சொல்லிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "குமாஸ்தாவா? நானா?" என்று நான் சிரித்தது புதன்கிழமை. ஷாப்புக்குப் போனது வியாழக்கிழமை.

அங்கே தரம் பிரிக்கும் மேஸ்திரி, பதனிட்ட ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார். நல்லது வலது பக்கம். கத்திக் காயமோ உண்ணிக் கடியோ இருந்தால் இடது பக்கம். உடனே சொல்ல முடியாததை நடுவில் போட்டு, சாயங்காலம் மறுபடி பார்ப்பாராம். காலையிலிருந்து நடுவில் விழுந்தவை இரண்டே தோல்.

சாயபு என் முன்னால் தோல்கட்டு ஒன்றைப் போட்டார்.

"இந்தா தம்பி, இருவது இருக்கு. பிரி. சொத்தத் தோலு ஒண்ணு நல்லதோட போச்சுன்னா லண்டன்ல என் பேரு போச்சு. நல்லது ஒண்ணு கழிவோட போச்சுன்னா என் துட்டு போச்சு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். மேஸ்திரிபோலவே வெளிச்சத்தில் விரித்தேன். முதல் தோலில் ஒரு புள்ளி. உண்ணிக் கடியா, ஆட்டின் மச்சமா? வலது பக்கம் போட்டால் அவர் பேர். இடது பக்கம் போட்டால் அவர் துட்டு. நடுவில் வைத்தேன், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல. இரண்டாவதில் புள்ளியே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அதுவும் நடுவில். பத்தாவது தோல் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனாலும் அனுபவசாலிபோல ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன்.

கடைசியில் இருபதும் நடுவில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"மொதலாளி," என்றார் மேஸ்திரி, "தம்பி நல்லா அடுக்குது."

"இன்னாப்பா இது?" என்றார் சாயபு.

"நாளைக்கு வந்து பார்த்து முடிவா சொல்றேன், பாய்."

சாயபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒத்துக்கவும் மாட்டே, தள்ளவும் மாட்டே, நாளைக்குன்றே! கலெக்டர் ஆபீஸ்ல உனக்குன்னே நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. பேஜாராவாதே, சாப்ட்டுப் போ."

பிரியாணி நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, குமாஸ்தா வேலைக்குச் சரி என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என் சிரிப்பை ஞாபகப்படுத்தவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

பல வருஷம் கழித்து, ஷாப்புச் சாக்கடை விஷயமாக மனு எடுத்துக்கொண்டு ஒரு கிழவர் என் மேஜைக்கு வந்தார். நிமிர்ந்து பார்க்காமலே வாங்கி, மற்ற மனுக்களின் மேல் வைத்து, "நாளைக்கு வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அவர் நகரவில்லை.

"வர்றேன் தம்பி," என்றார் சாயபு. "அந்த இருவது தோலு இன்னா ஆச்சு? பாத்து முடிச்சிட்டியா?"