பவுடர் பூசிய முகத்துக்கு எந்த மருந்து?

படம் பிடிக்க ஒரு நொடி போதும். பிடித்ததைக் கழுவி எடுப்பதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும். என்னைப் போல இருட்டறையில் வெந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? இலங்கையில், ரம்புக்கனை ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே நான் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில், பிலிமை எந்த மருந்தில் கழுவுவது என்பதுதான் எனக்கு ஓயாத தலைவலி.

கையில் ஏறிய கறை

முதலில் நான் பைரோ என்ற மருந்தின் பக்தன். படம் அருமையாக வரும், ஆனால் விரலெல்லாம் காப்பி நிறக் கறை ஏறிவிடும். சோப்பு, எலுமிச்சம்பழம் எதற்கும் மசியாது. மாதா கோயில் திருநாள் விருந்தில் அந்தக் கையோடு இலை முன்னால் உட்கார்ந்தேன். பரிமாற வந்த, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என் விரல்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் விடுவேனா? பைரோவின் பெருமையை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் இலையோரம் ஒன்றை வைத்தார். "எல்லாம் சரிங்க, நீங்க இந்தக் கரண்டியிலயே சாப்பிடுங்க."

மாப்பிள்ளை எங்கே?

போதுமடா சாமி என்று ஹைட்ரோகுவினோன் என்ற மருந்துக்கு மாறினேன். கறையே கிடையாது. கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக, பளீரென்று விழும். இனி என்னை அடிக்க ஆளில்லை என்று குதித்தேன். ஆனால் படமென்றால் நம் ஜனங்கள் சும்மா வருவார்களா? பவுடரை அப்பிக்கொண்டல்லவா வருவார்கள்!

தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவருடைய மகனின் கல்யாணப் படத்தை இந்த மருந்தில்தான் கழுவினேன். கோட்டும் தலைப்பாகையும் கச்சிதம். இரண்டுக்கும் நடுவே மூக்கில்லை, கன்னமில்லை, வெள்ளையடித்த சுவர்தான் இருந்தது. கங்காணி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோட்டு நம்ம கோட்டுதானுங்க. உள்ள நிக்கிறது யாருங்க?"

ஆரோக்கியத்தின் பிலிம்

அதற்குப் பிறகுதான் மெட்டால் என்ற மருந்து கைக்கு வந்தது. கையில் சொறி பிடுங்கும், அது வேறு கதை. ஆனால் மெல்ல, பதமாக வேலை செய்யும். வெள்ளைக்குள் இருக்கும் மேடுபள்ளத்தையும் காட்டும்.

ஒரு மத்தியானம் கொழுந்து பறிக்கிற ஆரோக்கியம் மூச்சிரைக்க வந்தாள். கையில் ஒரு பிலிம் சுருள். குழந்தையின் ஞானஸ்நானத்தன்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் தன் பெட்டிக் கேமராவில் எடுத்தது. செத்துப்போன அவள் அம்மாவுக்கு வாய்க்குக் கீழே நாடியில் குழி இருந்ததாம், அதே குழி பிள்ளைக்கும் விழுந்திருக்கிறதாம். திருச்சிப் பக்கம் இருக்கிற அக்கா அதைப் பார்க்கத் தவிக்கிறாள். இங்கே வந்திருந்த அக்கா புருஷன் அன்று சாயங்கால ரயிலில் ஊருக்குப் புறப்படுகிறார். அதை விட்டால் இனி யார் போவார்கள், எப்போது போவார்கள்?

பிள்ளைக்குப் பவுடர் போட்டாயா என்று கேட்டேன். போடாமலா, டின்னில் பாதி தீர்ந்துவிட்டது என்றாள் பெருமையாக.

மெட்டாலைக் கரைத்தேன். நம் ஊர் வெக்கையில் மருந்து சூடேறினால் பிலிமின் பூச்சு கூழாகிவிடும். மீன் பெட்டியோடு ரயிலில் வந்த ஐஸை வாங்கித் தட்டைச் சுற்றி அடுக்கினேன். அறையெல்லாம் நெத்தலி வாடை. சிவப்பு விளக்கில் குனிந்து பார்க்கிறேன், முகம் இருக்க வேண்டிய இடம் கறுத்துக்கொண்டே வருகிறது. பிலிமில் வெள்ளை கறுப்பாகத்தானே விழும்! போச்சு, இன்னொரு வெள்ளைச் சுவர் என்று நினைத்தேன். அப்போது அந்தக் கறுப்புக்கு நடுவே, நாடியில், ஊசிமுனை அளவுக்கு வெளிறிய புள்ளி ஒன்று தெரிந்தது. குழி! சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

பிலிமை ஸ்பிரிட்டில் முக்கி அவசரமாகக் காயவைத்து, பிரிண்ட் போட்டு, ஈரத்தோடு ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். கார்டு விசில் ஊதிவிட்டார். அவள் படத்தை ஒரு தரம் பார்த்தாள், நாடியில் விரலை வைத்தாள், பிறகு ஜன்னல் வழியே நீட்டினாள். "அக்கா கேட்டா, அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லுங்க அத்தான்."

எந்த முகத்துக்கு எந்த மருந்து என்று ஒருவழியாகக் கற்றுக்கொண்ட எனக்கு, அந்தப் பவுடர் டின்னை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லும் தைரியம் மட்டும் கடைசிவரை வரவேயில்லை.