ஓ வகைக்காரரின் பத்தியம்

என் அண்ணன் பிறை என்ற ஊரில் லாரி ஓட்டியவர். பத்து வருடமாக இனிப்புநீர் வியாதி. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவர் வீடு நான்காவது மாடி, தங்கை என் வீடு ஏழாவது. அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சோற்றைக் குறைத்துக்கொண்டு, பெரிய தொல்லை இல்லாமல்தான் இருந்தார். எங்கள் கீழ்த்தளத்து மண்டபத்தில் சத்துப்பொடி விற்கும் ஒரு பெண் வந்து முகாம் போடும்வரை.

இலவச ரத்தப் பரிசோதனை என்றார்கள். அண்ணனோடு அண்ணியும் நானும் போனோம். அவள் (மரியாதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை) அண்ணன் விரலில் குத்தி, ஒரு வெள்ளை அட்டையில் ரத்தத்தைத் தொட்டு வைத்துக் குச்சியால் கலக்கினாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அட்டையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

“அண்ணே, உங்க ரத்தம் ஓ வகை. வேட்டையாடுன பரம்பரை. உங்க வயித்துக்கு இறைச்சிதான் சேரும். பருப்பு, பால், கோதுமை எல்லாம் உங்க ரத்தத்துக்கு விஷம். அதனாலதான் சீனி வந்திருக்கு.”

“அப்ப மாத்திரை?”

“மூணு மாசம் இப்படிச் சாப்பிடுங்க. அப்புறம் மாத்திரை எதுக்குலா?”

ஓ வகைக்காரர்களுக்கென்று சிவப்பு டின்னில் ஒரு பொடியும் விற்றாள். அண்ணி இரண்டு டின் வாங்கினார்.

அன்றிலிருந்து வீட்டில் தோசை இல்லை, பருப்பு இல்லை. காலையில் கோழி, இரவில் ஆட்டிறைச்சி. அண்ணன் மெலிந்தார். “பாத்தியா, பழைய சிலுவார் லூசாப் போச்சு” என்று கால்சட்டை இடுப்பைப் பிடித்துக் காட்டினார். சீனி கட்டுக்கு அடங்காமல் போனாலும் உடம்பு இளைக்கும் என்று எனக்குத் தெரியாது. “நல்லா இருக்கீங்கண்ணே” என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது காலில் புண் வந்த பிறகுதான் தெரிந்தது. போட்டிருந்த சப்பாத்து உரசிக் கடித்த சின்னப் புண். பத்து நாளில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. காய்ச்சலில் உளறியவரை நானும் அண்ணியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விரல்களை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். ரத்தம் தேவைப்படலாம் என்று தாதி வகையைக் கேட்டபோது, அந்த நிலையிலும் அண்ணன் “ஓ” என்றார்.

அவர்கள் தங்கள் முறைப்படி சோதித்தார்கள். அண்ணன் ஓ இல்லை. பி.

அறுவை முடிந்த மறுநாள் பார்வை நேரத்தில் அவள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நின்றாள். அண்ணிதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். ரத்தம் பி வகை என்று கேட்டதும் அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். மலர்ந்தது.

“அதான்கா விஷயம்! பி ஆளுங்க கோழியைத் தொடவே கூடாது. தப்பான சாப்பாட்டைச் சாப்பிட்டா கால் போகத்தானே செய்யும்? பி-க்கு நீல டின் இருக்கு.”

“யாரு தப்பா சொன்னது? நீதானே குத்திப் பாத்தே!” என் குரலுக்கு அந்த வார்டே திரும்பியது. பழப் பையை அவள் கையில் திணித்து, வெளிக்கதவு வரை தள்ளாத குறையாகக் கொண்டுபோய் விட்டேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் மெல்லிய குரலில் கேட்டார்: “ஏம்மா, பி-ன்னா மீன் சாப்பிடலாமாம்மா?”

அவள்மேல் வந்ததைவிட அவர்மேல் அப்போது வந்த கோபம் பெரிது. கட்டுப் போட்ட காலின்மேல் போர்வையை இழுத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்த தமிழ் டாக்டரிடம் நானே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சில நோய்ங்க சில ரத்த வகைக்காரங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வருதான்னு ஆராய்ச்சி பண்றாங்க. அது வேற. ஓ-ன்னா இதைத் தின்னு, பி-ன்னா அதைத் தின்னுன்னு சொல்றதுக்கு ஆதாரமே இல்லக்கா. உங்க அண்ணன் எந்த வகையா இருந்தாலும் மருந்தை விட்டா இதான் நடந்திருக்கும்.”

புகார் கொடுக்கலாம் என்றேன். அண்ணி மறுத்துவிட்டார். “அவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க. நம்ம நேரம்.” யாருடைய நேரம்? அந்த இரண்டு விரல்களையும் நேரமா வெட்டியது? தனியாகவே சுகாதார இலாகாவுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். ரசீது இருக்கிறதா என்றார்கள். இல்லை. அண்ணன் சாட்சி சொல்வாரா என்றார்கள். அவர் வரமாட்டேன் என்றார். தான் ஏமாந்தது ஊருக்குத் தெரிந்துவிடுமாம்.

இப்போது நொண்டி நொண்டித்தான் நடக்கிறார். லாரி வேலை போய்விட்டது. அதே கம்பெனியில் வாசல் காவலில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையோடு இன்சுலினும் சேர்ந்துவிட்டது. கிளினிக் நாளில் நான் லீவு போட்டுக் கூடவே போகிறேன்.

போன மாதம் நிபோங் திபாலில் அவள் முகாம் போடுவதாகக் குடும்ப வாட்ஸாப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அனுப்பியவர் அண்ணி. அதன் கீழே அண்ணனின் விரலில்லாத காலைப் படமெடுத்துப் போட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அந்தப் படத்தை நான் அழிக்கவும் இல்லை.